மறுதரப்புத் தாள்

மேஜர் மயில்வாகனம் இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்து, வந்தவர்கள் கைகழுவப் போன நேரத்தில், அவர் மனைவி மங்கையர்க்கரசி அன்னலட்சுமியைத் தனியே கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும். அட்டையில் பிள்ளையார், உள்ளே அவருடைய படம், தேவாரம், அதன் பிறகு வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றை அன்னலட்சுமிதான் எழுத வேண்டும். பதினாறு வருடம் அவரோடு ஒரே அலுவலக அறையில் குப்பை கொட்டியவள் வேறு யார் இருக்கிறார்கள்?

அன்னலட்சுமி உடனே தலையாட்டிவிட்டாள். யாழ்ப்பாணத்து வீடுகளில் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகங்களை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள். அவற்றில் கெட்டவன் எவனும் செத்ததே இல்லை. குடித்தே கெட்டவர் கொடைவள்ளலாக இருப்பார். மாமியாரோடு இருபது வருடம் பேசாதிருந்தவள் பொறுமையின் சிகரமாக இருப்பாள். ஆனால் மேஜர் சேரைப் பற்றி எழுத அப்படிப் புளுக வேண்டியதில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உண்மையை எழுதினாலே போதும், பக்கம் காணாது.

அன்றைக்கே கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறி, கண்டி நீதிமன்றத்துக்குப் போகும் ஒழுங்கையில் இருந்த அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். எதிரே அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே வேகமாக எழுதினாள்.

எழுதுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. மயில்வாகனம் சட்டத்தரணியாக இருந்து, முப்பத்தைந்து வயதில் படையின் சட்டப் பிரிவில் சேர்ந்தவர். தமிழன் என்பதால் முகாமில் சிலர் அவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். படையில் இருப்பதால் ஊரில் சிலர் அவரைப் பார்க்கவே இல்லை. இரண்டையும் அவர் சட்டை செய்யவில்லை. இராணுவ நீதிமன்றத்தில் ஒரு கிழமை குற்றம் சாட்டச் சொல்வார்கள், மறு கிழமை குற்றவாளிக்காகப் பேசச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே கவனத்தோடு செய்தார். ஓய்வு பெற்றதும் கண்டியில் அலுவலகம் போட்டார். லீவுக்கு வந்து திரும்பிப் போகாத சிப்பாய்கள், கால் போனவர்கள், பதவி பறிபோனவர்கள் என்று தெல்தெனியவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தேடி வந்தார்கள்.

அன்னலட்சுமி அங்கே வந்தது தட்டச்சு செய்ய. கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பல்லேகலயில் ஒரு தைப்புத் தொழிற்சாலையில் ஏழு வருடம் சட்டைகளுக்குக் கைப்பட்டி தைத்து, இரவு வகுப்பில் மூன்று மொழியிலும் தட்டச்சுப் பழகியவள். இருபத்தொன்பது வயது. வாய் கொஞ்சம் நீளம். முதல் மாதமே, அவர் சொல்லி அடிக்கச் சொன்ன ஒரு மனுவை நிறுத்தி, "இது நம்ப முடியலீங்க சேர். இந்த ஆளு பொய் சொல்றாரு" என்றாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏன் பொய் என்று கேட்டு, அவள் சொன்னதையெல்லாம் ஒரு மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டார்.

அதுதான் அவருடைய வேலைமுறை. எந்தக் கோப்பானாலும் முதல் தாள் மஞ்சள். தலைப்பு: மறுதரப்பு. தன் கட்சிக்காரனுக்கு எதிராக என்னவெல்லாம் சொல்லலாமோ அத்தனையும் அதில் எழுதிய பிறகுதான் இரண்டாம் தாளைத் தொடுவார்.

"எங்கட பக்கத்தை எல்லாரும் நல்லா எழுதுவினம், பிள்ளை. அவங்கட பக்கத்தை அவங்களை விட நல்லா எழுதிப் பாரும். அதுக்குப் பிறகும் நிமிர்ந்து நிக்க ஏலுமெண்டால் கோட்டுக்குப் போகலாம்" என்பார்.

பிறகு அவரே அவளைத் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பம் போட வைத்தார். அவள் முடியாது என்றாள். அவர் விடவில்லை. இரண்டு பாடத்தில் விழுந்தாள், எழுந்தாள். நாற்பத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றபோது அம்மா பாப்பம்மா தோட்டத்திலிருந்து வந்து, கோட்டின் கைமடிப்பைத் திருப்பிப் பார்த்து, "தையல் சரியில்லடி" என்று சொல்லி அழுதாள்.

இதையெல்லாம் எழுதி, கடைசியில் மனம் நிறைந்து ஒரு வசனம் போட்டாள்: அவர் கையெழுத்திட்ட எந்தத் தாளிலும் பிழை இருந்ததில்லை.

மறுநாள் காலை பதிவுத் தபாலில் ஒரு கனத்த உறை வந்தது.

அது சித்தி றலியாவின் வழக்குக்குரியது. அலுவலகத்தில் ஒன்பது வருடமாக முடியாமல் கிடக்கும் ஒரே கோப்பு அதுதான். சித்தி றலியா திகனவைச் சேர்ந்தவர், எழுபது வயது. மகன் மர்சூக் படையில் சிப்பாயாக இருந்தான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை என்று படை எழுதிவிட்டது. வந்தவன் என்று அவர்கள் சொன்ன அந்த லீவுக்கு அவன் வீட்டுக்கு வரவே இல்லை. ஆனால் இராணுவப் பொலிஸ் மூன்று தடவை வந்து கட்டிலுக்குக் கீழே தேடியது. இருபத்து நான்கு வருடமாகத் தாய்க்குத் தெரியும், பிள்ளை உயிரோடு இல்லை என்று. கடதாசி மட்டும் அவன் எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்றது. ஒளிந்திருப்பவனுக்கு எப்படி ஜனாஸாத் தொழுகை நடத்துவது? பஸாரில் மூலைக் கடை ஸெய்னுலாப்தீன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "ஓடினவன்ட உம்மா" என்பார். கேலி செய்வதற்காகக்கூட இல்லை, அடையாளத்துக்காக. அதுதான் சித்தி றலியாவுக்கு இன்னும் வலித்தது.

படை பழைய விசாரணைக் கோப்பைக் காணவில்லை என்றே ஒன்பது வருடம் பதில் போட்டது. தகவல் அறியும் சட்டம் வந்தபிறகு மேஜர் அதன்படி ஒரு விண்ணப்பம் தட்டிவிட்டார். காணாமற்போன கோப்பு காணப்பட்டது. விசாரணையைத் திரும்பத் திறக்க நாளும் குறித்தார்கள். அந்த நாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது மனிதர், காலைத் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைக்குமுன் போய்விட்டார்.

கோப்பின் பிரதி இப்போதுதான் வந்திருக்கிறது. அன்னலட்சுமி அலுமாரியிலிருந்து சித்தி றலியாவின் கோப்பை எடுத்தாள். முதல் தாள் மஞ்சள். தலைப்பு மறுதரப்பு. கீழே ஒன்றுமே இல்லை. இதை அவள் முன்பும் கவனித்திருக்கிறாள். கேட்டும் இருக்கிறாள். "அது பிறகு" என்பார். இந்த வழக்கில் தான் எழுந்து பேசப் போவதில்லை, அவள்தான் பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

உறையைக் கிழித்தாள். பதினெட்டுப் பக்கம். லீவுப் புத்தகத்தின் பக்கம் ஒன்று, அதில் மர்சூக்கின் கையெழுத்து. கையெழுத்து இருப்பதால் சிப்பாய் அன்று காலை லீவில் வெளியேறியது உறுதி, திரும்பி வராததால் தப்பியோடியவராகப் பிரகடனம் செய்யலாம் என்று சட்ட அதிகாரியின் அபிப்பிராயம். சுத்தமான ஆங்கிலம். எட்டே வரி. அடியில் தமிழில் கையெழுத்து.

அந்த ம-வின் வளைவை அவளுக்குத் தெரியாதா? பதினாறு வருடம் அதற்குக் கீழே முத்திரை குத்தியவள் அவள்தான். கெப்டன் மயில்வாகனம், சட்ட அதிகாரி.

அன்னலட்சுமிக்கு முதலில் வந்தது துக்கமல்ல, கோபம். ஒன்பது வருடம் இந்த மனிதர் அந்தத் தாய்க்குக் கதிரை இழுத்துப் போட்டிருக்கிறார், மழைக்குக் குடை பிடித்து பஸ்வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் உள்ளவன் பொய்யையெல்லாம் மஞ்சள் தாளில் எழுதியவர் தன்னுடையதை வெறுமையாக விட்டுவிட்டார். நேற்று எழுதிய கடைசி வசனம் மேசையில் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்தாள்.

அதோடு, ஒரு பழைய நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு முன்னாள் சிப்பாய் தன் வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, தாங்கள் லீவுப் புத்தகத்தில் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கிழமை முழுவதுக்கும் கையெழுத்து வைத்துவிடுவோம் என்றான். லொறி விடியுமுன் புறப்படும், புத்தகத்துக்குப் பொறுப்பானவன் அந்த நேரத்தில் எழும்பமாட்டான், அதனால் அப்படி ஒரு வழக்கம். மேஜர் பேனையை வைத்துவிட்டார். தலையிடி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் சித்தி றலியாவின் கோப்பு அலுவலகத்துக்கு வந்தது.

ஆக, அவர் அன்றைக்கே புரிந்துகொண்டுவிட்டார். கையெழுத்து இருந்தால் ஆள் போய்விட்டான் என்று எழுதிய எட்டு வரியும் பிழை என்று.

இனி என்ன செய்வது என்பதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. அந்த எட்டு வரியை உடைக்காமல் மர்சூக்கின் பெயரை மீட்க வழியில்லை. உடைத்தால், சபையில் அந்தப் பெயர் வாசிக்கப்படும். வரப்போகும் அதிகாரிகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவர் எழுதியதை வைத்துத்தான் பாதிப்பேர் சட்டம் படித்தார்கள். அவர் சாம்பல் ஆறி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அவர் ஆளாக்கிவிட்டவளே எழுந்து நின்று அவர் ஒருவன் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். கருணை கேட்டு மட்டும் பேசலாம், பெயரைத் தொடாமல் நழுவலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

எதுவானாலும் முதலில் சித்தி றலியாவுக்குச் சொல்ல வேண்டும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் திகன பஸ் ஏறினாள். குண்டசாலை வரைக்கும் சொற்களைத் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

சித்தி றலியா வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், சேருக்காகத் தான் ஓதியதைச் சொன்னார். அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அன்னலட்சுமி கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"உம்மா, மர்சூக் ஓடிட்டாருன்னு அன்னைக்கு எழுதிக் கையெழுத்து வச்சது நம்ம சேருங்க. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

சித்தி றலியா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார்.

"அது எனக்குத் தெரீம், மகள்."

"எப்படீங்க தெரியும்?" என்று கேட்டாள் அன்னலட்சுமி.

"மொத நாளே சென்னாரு. நீங்க இப்ப ஈக்கிற கதிரைலதான் இருந்தாரு. நான் அவரெத் தேடிப் போகல்ல, அவருதான் என்னெத் தேடி வந்த. பிழையா எழுதிட்டேன் எண்டு சென்னாரு. எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கவும் மனசு வரல்ல. எழும்பிப் போங்க எண்டேன். போனாரு. அடுத்த கெழம திரும்ப வந்தாரு. அதுக்கடுத்த கெழமையும்."

நான்காம் தடவை தேத்தண்ணி கொடுத்ததாகச் சொன்னார். அன்றைக்குத்தான் கோப்பில் கைநாட்டு வைத்ததாம். வேறு சட்டத்தரணியிடம் போயிருக்கலாமே என்று அன்னலட்சுமி கேட்டாள்.

"பிழ எங்கெ ஈக்கிதெண்டு அதெச் செஞ்சவருக்குத்தானே தெரீம்? மத்தவங்க தேடிட்டே ஈப்பாங்க" என்றார் சித்தி றலியா. பிறகு மீதியையும் சொன்னார். பழைய கோப்பு கிடைத்ததும் சேர் சாட்சிக் கதிரையில் உட்காரப் போகிறாராம். ஒரே ஆள் சட்டத்தரணியாகவும் சாட்சியாகவும் இருக்க முடியாதாம். "அந்தப் புள்ள கேள்வி கேக்கோணும், நான் பதில் செல்லோணும். அவ என்னெ விடமாட்டா எண்டு சென்னாரு. அது வரைக்கும் ஒங்களுக்குச் செல்லவாணாம் எண்டு கேட்டாரு. ஒங்கட மொகத்தெப் பாக்க ஏலாம ஈந்திச்சு போல, மகள்."

அன்னலட்சுமி அந்த வீட்டில் வாய்விட்டு அழுதாள். மயானத்தில் அழாத அழுகை அது. மஹையாவைச் சுடலையில் பெண்கள் போகாத இடத்துக்கும் போய், சட்டத்தரணியின் கறுப்புக் கோட்டோடு நிமிர்ந்து நின்றவள்தான். தன்னைக் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு மனிதர் அவளைப் படிக்க வைத்தார் என்ற நினைப்பு அவளை அடியோடு கரைத்துவிட்டது. கோபமும் இருந்தது, போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் அன்பும் வந்து உட்கார்ந்துகொண்டது. சித்தி றலியா தேத்தண்ணி ஊற்றி, பேரீச்சம்பழம் இரண்டு வைத்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவள் செய்த முதல் வேலை, வெற்று மஞ்சள் தாளை எடுத்து எழுதியதுதான். மறுதரப்பு: கெப்டன் மயில்வாகனம். அவர் சொல்வது: கையெழுத்து இருக்கிறது, ஆகவே ஆள் போய்விட்டான். அவருக்காக இன்னும் என்ன சொல்லலாமோ அதையெல்லாம் எழுதினாள். போர்க்காலம். மேசையில் அன்றைக்கு நாற்பது கோப்பு. முகாம் தாக்கப்பட்ட பிறகு மிஞ்சிய சிப்பாய்களை வேறு முகாம்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டதால் விசாரணை கடதாசியிலேயே நடந்து முடிந்திருக்கிறது. அவர் கேட்டிருந்தால்கூட இவ்வளவு நன்றாக எழுதிக் கொடுத்திருக்க மாட்டாள்.

பிறகு பதினெட்டுப் பக்கத்தையும் மேசையில் பரப்பினாள். சாட்சி இறந்துவிட்டார், இனி கடதாசிதான் பேச வேண்டும். லீவுப் புத்தகத்தில் அன்றைய தேதிக்குப் பன்னிரண்டு கையெழுத்து. பதினான்காம் பக்கம், அன்றிரவு முகாம் தாக்கப்பட்டபோது காயப்பட்டவர்களின் பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடு போடும் அடிமட்டத்தைப் பிடித்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். ஏழாவது கையெழுத்தில் அடிமட்டம் நின்றது. டிங்கிரி பண்டா. காலையில் லீவில் போனதாகக் கையெழுத்து வைத்தவன், இரவு முகாமுக்குள்ளேயே தொடையில் குண்டுபட்டுக் கிடந்திருக்கிறான்.

கையெழுத்து இருந்தும் ஒருவன் போகவில்லை. அப்படியானால் இன்னொருவனும் போகாமல் இருந்திருக்கலாம். கெப்டன் மயில்வாகனம் இந்த இரண்டு தாளையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், ஒரு தாய்க்கு இருபத்து நான்கு வருடம் மிச்சமாகியிருக்கும்.

டிங்கிரி பண்டாவைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு நாள் எடுத்தது. பழைய கட்சிக்காரர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் விசாரித்துச் சொன்னார்கள், மேஜர் ஐயாவின் வேலை என்றதும் யாரும் சாட்டுச் சொல்லவில்லை. ஆள் வேறெங்கும் இல்லை, பல்லேகலயில் அவள் கைப்பட்டி தைத்த தொழிற்சாலைக்கு இரண்டு வாசல் தள்ளி, ஒரு வாயிலில் காவல் வேலை. மர்சூக்கின் பெயரைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அன்று இரண்டு லொறி வர வேண்டியதாம், ஒன்றுதான் வந்ததாம். இடமில்லாமல் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். புத்தகத்தில் அவர்கள் கையெழுத்தை வெட்டிவிட வேண்டியவன் அன்றிரவே செத்துப் போனான். மர்சூக்கை முன்காவலுக்கு அனுப்பினார்கள். முதல் குண்டு விழுந்தது அவன் நின்ற பங்கர்க் குழியில்தான். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அன்னலட்சுமி கேட்டாள். தன்னை எவரும் கேட்கவே இல்லை என்றார். தான் கொழும்பில் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், மர்சூக் இறந்தவர் பட்டியலில் இருப்பான் என்றே இவ்வளவு காலமும் நினைத்ததாகவும் சொன்னார்.

விசாரணை கண்டிக்கு வெளியே ஒரு முகாமில் நடந்தது. மூன்று அதிகாரிகள். தலைவர் ஒரு கேணல், நரைத்த மீசை. அன்னலட்சுமி சிங்களத்தில் பேசினாள். எட்டு வரியையும் வாசித்து, அடியில் இருந்த பெயரையும் தயங்காமல் வாசித்தாள். அறையில் ஒரு சலசலப்பு. கேணல் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, இவர் உங்களுடைய சேர்தானே என்று கேட்டார். தானும் அவரிடம் பாடம் கேட்டவன் என்றும் சொன்னார்.

அவர்தான், அவரிடம்தான் நானும் கற்றேன், அவர் உயிரோடு இருந்தால் இன்று அந்தச் சாட்சிக் கதிரையில் இருந்திருப்பார் என்று அன்னலட்சுமி சொன்னாள். பிறகு அடிமட்டத்தை எடுத்தாள். அந்த எட்டு வரியை வரி வரியாக, இரக்கமில்லாமல் பிரித்துப் போட்டாள். அவர் கற்றுக் கொடுத்தபடியே, குரலை உயர்த்தாமல். டிங்கிரி பண்டா எழுந்து, ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து வழக்கத்தையும் லொறியையும் முன்காவலையும் சொன்னார். சித்தி றலியாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். மகனின் கடைசி நாளை அவர் இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவே இல்லை.

சபை வெளியே போய்த் தேநீர் குடிக்கும் நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. சிப்பாய் மர்சூக் தப்பியோடியவர் அல்ல, கடமையில் இருந்தபோது உயிரிழந்தவர் என்று கேணல் வாசித்தார். எழுத்தில் வர எவ்வளவு காலம் ஆகும் என்று அன்னலட்சுமி கேட்டாள். மேலிடம் ஒப்புக்கொண்டு, அச்சாகி, முத்திரை விழ ஐந்தாறு மாதம் என்றார்கள். கோப்பைத் தேட ஒன்பது வருடம் எடுத்தவர்களுக்கு அது வேகம்தான்.

அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு நாள்தான் மிச்சம். அன்னலட்சுமி கட்டுகஸ்தோட்டைக்குப் போய், புதிதாக எழுதிய வரலாற்றை மங்கையர்க்கரசியின் கையில் கொடுத்து, ஏழாம் பக்கத்தில் அவர் செய்த பெரும் பிழையையும் எழுதியிருப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவதாகவும், ஆனால் தனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னாள்.

மங்கையர்க்கரசி வாசித்தார். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டாம் தரம் வாசித்தார். மூக்கைச் சிந்தினார்.

"சொந்தக்காரர் என்னைத் தின்னப் போகினம்" என்றார். பிறகு, "எல்லாருக்கும் மறுதரப்பு எழுதின மனிசன். அவருக்கும் ஒருத்தர் எழுதத்தானே வேணும். கிடக்கட்டும், பிள்ளை" என்று தாளைத் திருப்பித் தந்தார்.

முப்பத்தோராம் நாள் சித்தி றலியாவும் வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்வெட்டைக் கொடுத்தார்கள். உறவினர்கள் ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் தொண்டையைச் செருமிவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சித்தி றலியா அன்னலட்சுமியிடம் வந்து, மகனின் பெயர் எங்கே என்று கேட்டார். அவள் காட்டினாள். அவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். படை தரப்போகும் கடிதம் எப்போதோ வரும். மர்சூக் ஓடவில்லை என்று உலகத்தில் அச்சான முதல் கடதாசி இந்தக் கல்வெட்டுதான்.

"இன்னும் முப்பத்தாறு தருவீங்களா, மகள்? பஸாருல முப்பத்தாறு கட ஈக்கிது."

அட்டையில் பிள்ளையார் இருப்பதை அன்னலட்சுமி தயக்கத்தோடு நினைவூட்டினாள். அவர் இருக்கட்டும், நான் பக்கத்தை மடித்துக் கொடுக்கிறேன் என்றார் சித்தி றலியா. மங்கையர்க்கரசி உள்ளே போய் ஒரு கட்டுப் புத்தகத்தையே தூக்கி வந்தார்.

திகன பஸ்ஸில் இருவரும் மடியில் வைத்து மடித்தார்கள். பல்லேகல தாண்டும்போது கடைசிப் பிரதியும் முடிந்தது. இறங்கியதும் சித்தி றலியா நேரே மூலைக் கடைக்குத்தான் போனார். ஸெய்னுலாப்தீன் தராசுக்குப் பின்னால் இருந்தார். வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மகனுக்குத் தொழுகை, கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி, புத்தகத்தை மடித்த பக்கத்தில் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"வாசிங்க, நானா. கடையில ஆக்கள் ஈக்கிது, கொஞ்சம் சத்தமா வாசிங்க."

ஸெய்னுலாப்தீன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். அரிசி வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"சித்தி றலியாவின் மகன் மர்சூக் ஓடிப்போகவில்லை. அவர் காவலில் நின்றார். ஓடிப்போனார் என்று பிழையாக எழுதியவர் மயில்வாகனம். அதைத் திருத்தாமல் தான் சாகக்கூடாது என்று ஒன்பது வருடம் உழைத்தவரும் அவரே."